அறியாத வழியில் ஓர் அடிகளார்

கோலாலம்பூருக்கு வடக்கே ஈப்போ சாலையை ஒட்டி வளர்ந்துள்ள செலாயாங் வட்டாரத்தில் வாழ்பவர்க்குப் பத்துமலைச் சுண்ணாம்புக் குன்று அன்றாடக் காட்சியாகும். தைப்பூசம் நெருங்கும் நாள்களில் இவ்வட்டாரச் சாலைகள் யாவும் அக்குன்றை நோக்கியே ஓடுவன போலத் தோன்றும். இலட்சக்கணக்கில் மக்கள் திரளும் அவ்விடத்தில், 1890-களின் தொடக்கத்தில் கா. தம்புசாமிப் பிள்ளை முருகன் திருவுருவை நிறுவியபோது, சுற்றிலும் இருந்தது காடு. சிங்கப்பூரில் பிறந்து, ஆங்கிலம் கற்று, சிலாங்கூர் அரசுப் பணியில் எழுத்தராய் அமர்ந்து, பின்னர் இரவாங்கில் ஈயச் சுரங்கத் தொழிலில் ஈடுபட்டுப் பெருஞ்செல்வரான அவருக்குக் குகையின் வாயில் வேலின் வடிவாய்த் தோன்றிற்று என்பது வழிவழி வரும் செய்தி. 1892 முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகின்றது. 1902-இல் மறைந்த பிள்ளையவர்கள் பத்துப் பதினொரு தைப்பூசங்களுக்கு மேல் கண்டிருக்க வழியில்லை. தாம் தொடங்கிய வழிபாடு நூறாண்டு கடந்து எந்நிலையை எய்தும் என்பதை அவர் எங்ஙனம் அறிந்திருக்கக் கூடும்?

பத்துமலையின் வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். அதனை மீண்டும் எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. முடிவு இன்னதென அறியாமலே இறைவனின் அழைப்புக்கு இசைந்து நடத்தல் என்னும் பொருளைக் கருதிப் பார்க்குங்கால், அக்குன்று ஒரு தொடக்கமாக அமைகின்றது. அப்பொருளுக்கு, தமிழ் கற்பிப்போரும் கற்போரும் நன்கறிய வேண்டிய வேறொரு சான்று இதே கோலாலம்பூரில் உண்டு. அவர் தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார்.

அடிகளாரிடம் செல்லுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நன்று. அழைப்பு என்னும் கருத்து தமிழ்ச் சமய மரபுக்குப் புதியதன்று. புத்தூரில் மணப்பந்தரில் அமர்ந்திருந்த சுந்தரரை, முதிய அந்தணர் ஒருவர் அடிமையோலை காட்டித் தடுத்து அழைத்துச் சென்றார் என்கின்றது பெரியபுராணம். குதிரை வாங்கப் பாண்டியனின் பொருளோடு புறப்பட்ட திருவாதவூரர் திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, வந்த வேலையை மறந்தார். விவிலியத்தின் ஆபிரகாமும் போகுமிடம் அறியாமலே தன் நாட்டை விட்டுப் புறப்பட்டவன்தான். ஆயினும் இக்கதைகளைக் கேட்கும் நாம் முடிவை முன்னரே அறிந்தவர்கள். திருவாதவூரர் மாணிக்கவாசகர் ஆவார் என்பது நமக்குத் தெரியும்; அவருக்குத் தெரியாது. அரசனின் பொருள் செலவாயிற்று, குதிரை வரவில்லை, தண்டனை காத்திருக்கின்றது என்பது மட்டுமே அவர்முன் நின்ற உண்மை. பக்தர்கள் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கலாம். வரலாறு எழுதுவோர்க்கு அவ்வுரிமை இல்லை. அவர்கள் ஒவ்வோர் ஆண்டையும், அவ்வாண்டில் வாழ்ந்தவன் கண்ட அளவிலேயே காண முயலல் வேண்டும். தனிநாயகம் அடிகளாரைப் பற்றிய பாராட்டுரைகள் பலவும், அவர் பிறந்தபோதே தமிழ்த்தூதராகப் பிறந்தார் என்பது போலப் பேசுகின்றன. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் தோன்றும் படம் வேறு.

யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன் என்னும் ஊரில் 1913 ஆகஸ்டு 2-ஆம் நாள் அவர் பிறந்தார். அவருக்கு இட்ட பெயர் சேவியர் ஸ்தனிஸ்லாஸ். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றார். அக்காலக் கல்லூரிகளின் இயல்புக்கேற்ப அவர் பெற்றது ஆங்கிலக் கல்வி. குருவாக வேண்டும் என்னும் அழைப்பை இளமையிலேயே உணர்ந்து, 1931-இல் கொழும்பிலுள்ள புனித பெர்னார்து குருமடத்தில் சேர்ந்தார். அங்கே தத்துவமும் இலத்தீனும் கற்றார். 1934-இல் உரோமையிலுள்ள உர்பன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார்.

இங்கேதான் முதல் திருப்பம் நிகழ்கின்றது. யாழ்ப்பாணத்தில் பிறந்த அவர், தம் சொந்த மறைமாவட்டத்திற்குரிய மாணவராக உரோமைக்குச் செல்லவில்லை; கேரளத்துத் திருவனந்தபுரம் சீரோ மலங்கர மறைமாவட்டத்தைச் சார்ந்தவராகச் சென்றார். தாய்நாட்டில் திறக்காத கதவு பிறநாட்டில் திறந்தது. யாழ்ப்பாணத்துப் பங்குகளில் ஒன்றில் பணியாற்றி முதிர்ந்து மறையும் குருவின் வாழ்வு அவருக்கு வாய்த்திருக்கலாம். அது சிறிய வாழ்வும் அன்று. அவ்வாறு நிகழவில்லை என்பதற்குக் காரணம் அவர் வகுத்த திட்டம் எதுவும் இல்லை.

உரோமையில் ஐந்தாண்டுகள் இருந்தார். 1938 மார்ச்சு 19-இல் குருப்பட்டம் பெற்றார். மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேசு நகரில் ஆயராய் இருந்த சிப்பிரியானுஸ் காலத்துக் குருகுலத்தைப் பற்றி ஆய்வேடு எழுதினார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, போர்த்துகீசு, இசுபானியம் ஆகிய மொழிகளில் அவருக்குப் பயிற்சி ஏற்பட்டது. உரோமையிலிருந்த தமிழ் மாணவரோடு சேர்ந்து வீரமாமுனிவர் பெயரில் ஒரு கழகம் நடத்தினார் என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆயினும், 26 வயதில் உரோமையிலிருந்து திரும்பிய அந்த இளங்குருவை அன்று ஒருவர் கண்டிருந்தால், திருச்சபை வரலாற்றில் வல்லவர் என்றோ, ஐரோப்பிய மொழிகளில் தேர்ந்தவர் என்றோ கூறியிருப்பார்; தமிழறிஞர் என்று ஒருபோதும் கூறியிருக்க மாட்டார். சங்க இலக்கியம் அவருக்கு அப்போது பெயரளவில் அறிந்த பொருளாகவே இருந்தது.

1940-இல் அவர் அனுப்பப்பட்ட இடம் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளம். சிற்றூராயினும் வரலாற்றில் பெயர் பெற்ற ஊர் அது. திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை 1745-இல் அங்கேதான் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அழைப்புக்கு இசைந்தவனுக்கு வாழ்நாளில் என்ன கிட்டும் என்பதை அவ்வூர் மண்ணே சொல்லும். அவ்வூர்ப் புனித தெரேசாள் உயர்நிலைப் பள்ளியில் அடிகளார் ஆசிரியப் பணியேற்றார்.

உரோமையில் பட்டம் பெற்றவர்க்கு ஒரு கிராமத்துப் பள்ளி என்பது உலகக் கண்ணோட்டத்தில் இறக்கம் என்றே கருதப்படும். ஆனால், அந்தப் பள்ளியில்தான் தம் பெருங்குறை அவருக்குப் புலனாயிற்று. சுற்றிலும் தமிழ் பேசுவோர். பள்ளியில் தமிழ் பயிலும் சிறுவர். அவர்களுக்குக் குருவாகவும் ஆசிரியராகவும் வந்தவரோ அவர்தம் மொழியின் இலக்கியத்தை முறையாகக் கல்லாதவர். தாய்மொழியை அறியாமல் பிறமொழிகள் பலவற்றை அறிந்திருத்தலால் பயன் என்ன என்னும் எண்ணம் அவரை வருத்தியது. பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்பாரிடம் மாணவராய் அமர்ந்து நான்காண்டுகள் தமிழ் கற்றார். கத்தோலிக்கக் குரு ஒருவர் ஒரு வைதிகப் பண்டிதரிடம் நெறிமுறையோடு பாடங் கேட்டதை இன்று நாம் இயல்பாகக் கருதலாம். 1940-களின் திருநெல்வேலிச் சூழலில் இரு பக்கத்திலும் அதற்கு உள்ளத்தில் விரிவு வேண்டியிருந்திருக்கும். பண்டிதரின் பெயரை நம் மாணவர்கள் மறத்தலாகாது. புகழ்பெற்றவரின் பின்னால் இத்தகைய ஆசிரியர் ஒருவர் எப்போதும் இருக்கின்றார்.

1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தபோது அடிகளாருக்கு வயது 32. தம்மினும் பத்து வயது இளையோரோடு அமர்ந்து படித்தார். தெ. பொ. மீனாட்சிசுந்தரனார், அ. சிதம்பரநாதன் செட்டியார் ஆகியோர் அங்குத் தமிழ்த்துறையில் தலைமை வகித்த காலம் அது. முதுகலைக்குப் பின் ஆய்வுப் பட்டத்திற்காகப் பண்டைத் தமிழ்ச் செய்யுளில் இயற்கை என்னும் பொருளை எடுத்துக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதினார். பின்னாளில் அது 'நிலத்தோற்றமும் கவிதையும்' எனப் பொருள்படும் பெயரில் விரிந்த நூலாக 1966-இல் வெளிவந்தது. கிரேக்க, இலத்தீன் கவிதைகளில் இயற்கை இடம்பெறும் முறையோடு சங்கப் பாடல்களின் ஐந்திணையை ஒப்பிட்டு நோக்கும் பகுதிகள் அந்நூலின் உயிர்நாடி. அந்த ஒப்பீட்டைத் தமிழ் மட்டுமே கற்றவர் செய்திருக்க இயலாது. குருத்துவத்திற்காகப் பயின்ற இலத்தீன், பாலைத்திணையை விளக்கப் பயன்படும் என்று உரோமையில் அவருக்குக் கற்பித்தவர்கள் எண்ணியிருப்பார்களா?

தம் முன்னோரின் பெயரான தனிநாயகம் என்பதை அவர் தமக்குரியதாக ஏற்றதும் இக்காலத்தை ஒட்டியே. 1948-இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். 1949 முதல் மலாயா, சப்பான், அமெரிக்கா, தென்னமெரிக்க நாடுகள் எனப் பல இடங்களுக்கும் சென்று தமிழிலக்கியத்தையும் பண்பாட்டையும் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அப்பயணங்களில் அவர் கண்ட உண்மை ஒன்று அவர் வாழ்வின் போக்கை மாற்றிற்று. உலகப் பல்கலைக்கழகங்களில் இந்தியவியல் என்றால் சமற்கிருதவியல் என்றே பொருள் கொள்ளப்பட்டது. தமிழைப் பற்றி அறிய விரும்புவோர்க்கு ஆங்கிலத்தில் ஓர் ஆய்விதழ் தானும் இல்லை. 1952-இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். 1966 வரை அது வெளிவந்தது. இன்று தமிழியல் ஆய்வு எழுதுவோர் மேற்கோள் காட்டும் பல கட்டுரைகள் அவ்விதழில் வெளிவந்தவையே.

இங்கே ஒரு வினாவைத் தவிர்த்தல் நேர்மையாகாது. குருவின் பணி மக்களின் ஆன்ம நலம் பேணுதல். அவர் இதழ் நடத்துவதும், நூலகந்தோறும் பழஞ்சுவடி தேடுவதும், மாநாடு கூட்டுவதும் அழைப்பை மறந்த செயல்கள் ஆகாவா? அடிகளார் வாழ்ந்த காலத்திலேயே இவ்வினா சிலர் உள்ளத்தில் எழுந்திருத்தல் இயல்பே. அவர் தம் உரைகளில் திருமூலரின் கருத்தொன்றை அடிக்கடி எடுத்தாண்டார். இறைவன் தம்மைப் படைத்தது தன்னைத் தமிழில் நன்கு பாடுவதற்காகவே என்று திருமந்திரம் கூறும் கருத்து அது. கத்தோலிக்கக் குரு ஒருவர் தம் அழைப்பை விளக்கச் சைவ சித்தர் ஒருவரின் வாக்கை நாடினார் என்பது சிந்தனைக்குரியது. இரண்டையும் அவர் வேறாகக் காணவில்லை. மதமாற்றத்திற்குத் தமிழைக் கருவியாக்கினார் என்று அவர்மீது குற்றஞ்சாட்ட அவருடைய நூல்கள் இடந்தரவில்லை. சங்க இலக்கியத்தையும் திருக்குறளையும் பற்றி எழுதிய அளவு கிறித்தவத் தமிழைப் பற்றி அவர் எழுதவில்லை என்பதே உண்மை.

கிறித்தவத் தமிழ்பற்றி எழுதிய இடங்களிலும் அவர் செய்தது அச்சு வரலாற்று ஆய்வு. 1954-இல் லிசுபனில் ஒரு பொருட்காட்சியகத்திலிருந்த சிறுநூல் ஒன்றை அவர் கண்டு ஆராய்ந்தார். 'கார்த்தில்யா' எனப்படும் அந்நூல் 1554-இல் லிசுபன் நகரில் அச்சானது. தமிழ்ச் சொற்கள் உரோம எழுத்தில் அமைய, போர்த்துகீசுப் பொருளோடு மறைக்கல்வியைக் கூறுவது. வின்சென்தே த நசரேத், ஜோர்ஜ் கர்வால்யோ, தோமா த குரூசு என்னும் மூன்று தமிழரின் பெயர்கள் அதில் காணப்படுகின்றன. தமிழெழுத்தில் 1578-இல் கொல்லத்தில் அண்ட்ரிக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' அதற்கு 24 ஆண்டுகள் பிற்பட்டது. வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்ட தமிழ்-போர்த்துகீசு அகராதியைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன். போர்த்துகீசும் இலத்தீனும் அறிந்த, ஐரோப்பிய மடங்களிலும் நூலகங்களிலும் தயக்கமின்றி நுழையக்கூடிய, அதே வேளையில் தமிழ் கற்ற ஒருவர் இவ்வேலைக்குத் தேவைப்பட்டார். அத்தகையவரை உருவாக்க எண்ணி எந்த நிறுவனமும் திட்டமிடவில்லை. திருவனந்தபுரம், உரோமை, வடக்கன்குளம், அண்ணாமலை நகர் என்னும் தொடர்பற்ற நான்கு இடங்கள் சேர்ந்து அவரை உருவாக்கின.

1952 முதல் 1961 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்தார். இடையே இலண்டன் சென்று பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்த காலத்தில் தமிழரின் மொழியுரிமை பற்றி எழுதியும் பேசியும் வந்தார். தமிழ்த்துறையில் அமராமல் கல்வித்துறையில் அவர் அமர நேர்ந்தது ஒருவகையில் வியப்பே. தமிழாய்வுக்கு முழுமையாகத் தம்மை ஒப்படைக்கும் வாய்ப்பு அவருக்குத் தாய்நாட்டில் கிட்டவில்லை. அது கோலாலம்பூரில் கிட்டியது.

நம் நாட்டு மாணவர்கள் இப்பகுதியைச் சற்று விரிவாக அறிதல் நலம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் சிங்கப்பூரில் தோன்றி 1959-இல் கோலாலம்பூருக்கு வந்தது. அத்துறையில் எம்மொழிக்கு முதன்மை என்பது முன்னரே பெரும் விவாதமாயிருந்தது. சமற்கிருதத்திற்கு முதன்மை தரும் பரிந்துரை எழுந்தபோது, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று எதிர்த்தார். இந்நாட்டு இந்தியரில் மிகப் பெரும்பாலோர் தமிழர். ஆதலின் தமிழே அத்துறையின் மொழியாதல் வேண்டும் என வாதிட்டார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் தொடங்கிப் பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்திற்காகப் பொருள் திரட்டினார். தோட்டத்தில் பால்மரம் சீவியவரும், துறைமுகத்தில் சுமை தூக்கியவரும், சிறுகடை நடத்தியவரும் அதற்கு உதவினர். அவருட் பலர் பல்கலைக்கழகத்தின் வாயிலைக்கூடக் கண்டிராதவர். தம் பிள்ளைகள் அங்குப் படிப்பரோ என்பதும் அவர்க்குத் தெரியாது. அடிகளாரின் அழைப்பைப் பற்றிப் பேசும் நாம், இப்பெயரற்றவரின் நம்பிக்கையை ஒதுக்கிவிட்டு எழுதினால் அது பாதி வரலாறே ஆகும். அவர்கள் முன்னரே அமைத்து வைத்த துறைக்குத்தான் 1961-இல் அடிகளார் வந்து தலைமையேற்றார்.

லெம்பா பந்தாய் வளாகத்தில் அவர் கழித்த எட்டாண்டுகள் விளைச்சல் மிக்கவை. இராம. சுப்பையா, சி. சிங்காரவேலு முதலியோர் அத்துறையில் நூல்கள் படைத்தனர். சிங்காரவேலுவின் சங்ககாலத் தமிழர் சமூக வாழ்வு பற்றிய ஆங்கில நூல் 1966-இலும், இந்நாட்டில் தோன்றிய தமிழ் நூல்களையும் இதழ்களையும் தொகுத்துச் சுட்டும் சுப்பையாவின் 'தமிழ் மலேசியானா' 1969-இலும் வெளிவந்தன. மலேசியத் தமிழிலக்கிய வரலாறு எழுதப் புகும் எவரும் இரண்டாவது நூலைத் தொடாமல் கடக்க முடியாது. அடிகளாரே தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டி ஒன்றைத் தொகுத்து 1966-இல் வெளியிட்டார். தம் பயணங்களைப் பற்றி அவர் எழுதிய 'ஒன்றே உலகம்' என்னும் தமிழ் நூலும் அவ்வாண்டினதே.

இனி, உலகத் தமிழாராய்ச்சி மன்றம். 1964 சனவரியில் புதுதில்லியில் உலகக் கீழ்த்திசை அறிஞர் மாநாட்டின் 26-ஆவது கூட்டம் நடைபெற்றது. உலகெங்குமிருந்து வந்த அறிஞர்கள் ஒரே ஊரில் கூடியிருந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, தனிநாயகம் அடிகளும் வ. ஐ. சுப்பிரமணியமும் தமிழாய்வில் ஈடுபாடுடையோரைத் தனியே அழைத்தனர். சனவரி 7-இல் மன்றம் தோன்றிற்று. பிரெஞ்சு அறிஞர் சான் பிலியோசா தலைவரானார். அடிகளாரும் செக்கோசுலோவாக்கியத் தமிழறிஞர் கமில் சுவலபிலும் செயலாளர் ஆயினர். கையில் நிதி இல்லை, அலுவலகம் இல்லை, அடுத்த கூட்டம் எங்கே என்பதற்குக் கூட உறுதி இல்லை. பெரியதொரு மாநாட்டின் ஓரத்தில் நடந்த சிறுகூட்டம் அது. அத்தகைய கூட்டங்கள் ஆண்டுதோறும் எத்தனையோ தோன்றி மறைகின்றன. அவற்றுள் ஒன்றாய் இதுவும் மறைந்திருக்கலாம்.

மறையாமைக்குக் காரணம் கோலாலம்பூர் எனத் துணிந்து கூறலாம். 1966 ஏப்பிரல் 16 முதல் 23 வரை முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு இங்கு நடைபெற்றது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கி வைத்தார். அமைச்சராகவும் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் விளங்கிய வீ. தி. சம்பந்தன் துணைநின்றார். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் அறிஞர்கள் வந்தனர். தமிழைப் பற்றிய முதல் உலக ஆய்வு மாநாடு சென்னையிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ கூடாமல், தமிழர் சிறுபான்மையராய் வாழும் நாட்டில், பிறமொழியினரான பிரதமரால் தொடங்கி வைக்கப்பெற்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழகத்தில் 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டம் ஓய்ந்து ஓராண்டே ஆகியிருந்தது. இலங்கையிலோ மொழிப்பூசல் ஆறவில்லை. அரசியல் வெப்பம் தணிந்த இடத்தில் ஆய்வு ஆய்வாகவே நடைபெற முடிந்தது. பின்வந்த மாநாடுகள் சிலவற்றில் ஊர்வலங்களும் அலங்கார ஊர்திகளும் ஆய்வுரைகளை மறைத்தன என்னும் குறை இருக்கின்றது. கோலாலம்பூர் மாநாட்டுக் கட்டுரைகளின் இரு தொகுதிகளைப் புரட்டுவோர் அக்குறையை அங்குக் காணார்.

மாநாடு பின்னர்ச் சென்னையில் 1968-லும் பாரிசில் 1970-லும் கூடிற்று. சென்னை மாநாட்டின் பயனாக 1970-இல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் அந்நகரில் தோன்றியது. அடிகளார் 1969-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். ஐரோப்பாவில் சில காலம் சொற்பொழிவுகள் ஆற்றிய பின் யாழ்ப்பாணம் திரும்பினார்.

வெற்றிகளை மட்டும் அடுக்கி நிறுத்திவிட்டால் இது நேரிய வரலாறாகாது. 1974 சனவரியில் நான்காம் மாநாடு யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. பிறந்த மண்ணில் தாம் தொடங்கிய மாநாடு கூடுவதைக் காண அடிகளாருக்கு எத்துணை மகிழ்ச்சி இருந்திருக்கும்! இறுதி நாளாகிய சனவரி 10-ஆம் நாள் மாலை, வீரசிங்கம் மண்டபத்தின்முன் பெருந்திரளாய்க் கூடியிருந்த மக்களைக் காவல்துறையினர் கண்ணீர்ப்புகை வீசிக் கலைக்க முற்பட்டனர், மின்கம்பி அறுந்து வீழ்ந்தது, உயிர்கள் பலியாயின. ஈழத்தமிழ் இளைஞரின் உள்ளத்தில் அந்நாள் ஏற்படுத்திய வடு பின்வந்த கொடிய ஆண்டுகளில் வெளிப்பட்டது. உலக அறிஞரை ஒன்றுகூட்டிய அமைதிப் பணியின் ஒரு கிளை இவ்வாறு குருதியில் முடியும் என்று 1964-இல் தில்லியில் எவர் எண்ணியிருப்பார்? அழைப்புக்கு இசைந்து நடப்போர்க்கு நற்பயன் உறுதி என எளிதாகக் கூறுவோர் யாழ்ப்பாணத்து அம்மாலைப் பொழுதுக்கு விடைகூறக் கடமைப்பட்டவர்கள். நான் கூற முடிவதெல்லாம், அடிகளார் அதன் பின்னும் பணியை விடவில்லை என்பதுதான். 1980-இல், உடல் நலிந்த நிலையில், தந்தை செல்வா நினைவுச் சொற்பொழிவுகளை அவர் ஆற்றினார். தமிழாராய்ச்சி கடந்து வந்த பாதையும் இனிச் செய்ய வேண்டியனவும் என்பதே அவர் எடுத்துக் கொண்ட பொருள். அவ்வாண்டு செப்தம்பர் முதல் நாள் அவர் மறைந்தார். நான்கு மாதங்கள் கழித்து, 1981 சனவரியில் மதுரையில் ஐந்தாம் மாநாடு கூடியபோது அந்நகரில் அவருக்குச் சிலை எழுந்தது. 1987-இலும், 2015-இலும், 2023-இலும் கோலாலம்பூர் மீண்டும் மாநாடுகளைக் கண்டது.

முன்னர்க் கூறாது நிறுத்திய அகராதிக்கு வருவோம். 1625-இல் போர்த்துகல்லில் பிறந்த அந்தாம் த புரோயென்சா என்னும் சேசுசபைத் துறவி மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்து, தமிழ் கற்று, பல்லாயிரம் தமிழ்ச் சொற்களுக்குப் போர்த்துகீசில் பொருள் எழுதினார். 1666-இல் காவிரிக்கரைத் தொட்டியத்தில் உயிர்நீத்தார். அவர் தொகுத்த அகராதி கேரளத்து அம்பழக்காட்டில் 1679-இல்தான், அவர் இறந்து 13 ஆண்டுகள் கழித்து, மர அச்செழுத்துக்களால் அச்சேறியது. காலப்போக்கில் அதன் படிகள் அழிந்தன. உரோமையில் வத்திக்கான் நூலகத்தில் எஞ்சியிருந்த படியைக் கொண்டு, தனிநாயகம் அடிகளார் அதனை உள்ளவாறே நிழற்படப் பதிப்பாக்கி, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் வெளியீடாகக் கொண்டுவந்தார். புரோயென்சாவின் பெயரோடு, கோலாலம்பூர் என்னும் ஊர்ப்பெயரும் 1966 என்னும் ஆண்டும் அதன் முகப்பில் உள்ளன. துறவி மறைந்து அப்போது சரியாக 300 ஆண்டுகள் ஆகியிருந்தன.